கழுத்தளவுத் தண்ணீரில் ஆர்லீன்

ஸ்பைட்ஸ்டவுன் என்ற தீவு ஊரின் கடற்கரையில் ஆர்லீன் இயர்வுட்டின் குரல் கேட்காத நாள் என்றால் அது பெரிய வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் காலை ஒன்பது மணிக்குக் கையில் ஒலிபெருக்கியோடு வந்து நின்றுவிடுவாள்.

"நீலத் தொப்பி சார், நீங்க போற பக்கம் மீன்கூடப் போகாது, திரும்புங்க. ஏம்மா, லைஃப் ஜாக்கெட்ட இடுப்புல கட்டினா கால் மேலயும் தலை கீழயுமாத்தான் மிதப்ப."

இரண்டு ஜெட் ஸ்கீ ஸ்கூட்டர், ஏழு கயாக் துடுப்புப் படகு, வாழைப்பழம் போல ஊதி வைத்த மஞ்சள் படகு ஒன்று, அதை இழுத்துக்கொண்டு ஓட ஒரு விசைப்படகு. இயர்வுட் குடும்பத்தின் தொழில் இவ்வளவுதான். விசைப்படகின் விலாவில் அவள் புருஷன் வின்ஃபீல்டு சிவப்புப் பெயின்ட்டால் 'ஆர்லீனின் கோபம்' என்று எழுதியிருந்தான். "வேகமாப் போகணும்ல, அதான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. கடல் அவன் பொறுப்பு, கரை அவள் பொறுப்பு.

அவளுக்கு நீந்தத் தெரியாது.

இதை அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. நாற்பத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு அவளைக் கடலில்தானே பார்க்கிறார்கள். அந்த நேரத்துக் கடல் குளியலுக்கு ஏழு பேர் வருவார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் வட்டமாக நின்றுகொண்டு, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதிலிருந்து அடுத்த தேர்தல் வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் கரையேறுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏழு தேங்காய் மிதப்பது போலிருக்கும். அதில் பிளாஸ்டிக் உறை மாட்டிய தேங்காய் ஆர்லீன். சனிக்கிழமை சாயங்காலம் சூட்டுச் சீப்பு வைத்து இழுத்து நேராக்கிய முடி. ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் பட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது பழையபடி சுருண்டு நிற்கும். "கடல் கழுத்தோட நின்னுக்கணும்" என்று ஆறு வயதில் அம்மா போட்ட சட்டம். தலை நனையாமல் நீச்சல் கற்றவர்கள் உலகத்தில் யாராவது இருந்தால் அவள் கற்றிருப்பாள்.

வினை அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. தண்ணீரில் மோட்டார் ஓட்டித் தொழில் செய்கிற எவருக்கும் இனி நீச்சல் சான்று பெற்ற இரண்டு பேர் வேண்டும் என்று புது விதி. சான்று இருந்தது வின்ஃபீல்டுக்கும் அவன் அக்கா பையனுக்கும்தான். அக்கா பையன் டொரன்டோவுக்குப் பனி பார்க்கப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டான். மிச்சம் இருந்தது ஆர்லீன். படிவத்தை நிரப்பியது அவர்களுடைய பதினைந்து வயது மகள் ஸாரியா.

"நீச்சல் தெரியுமான்னு கேட்டிருந்தான். மீன் மாதிரின்னு எழுதிட்டேன்" என்றாள்.

"எந்த மீனுடி?"

"பறக்கும் மீன்."

ஆர்லீன் சிரிக்கவில்லை. அன்றைக்கு மக்ரோனி பை அடிப்பிடித்தது.

நவம்பர் கடைசியில் தேர்வு. தேறாவிட்டால் டிசம்பர் சீசனுக்கு உரிமம் கிடையாது, படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட வேண்டியதுதான். ஆனால் அவளுக்குப் பயம் படகைப் பற்றி இல்லை. பழுப்பு நிறப் பெட்டியைப் பற்றி.

கல்யாணமான புதிதில் வின்ஃபீல்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றுலாக் கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தான். ஸாரியாவுக்கு மூன்று வயதாகும்போது ஒன்பது மாதம் கழித்து வந்து தூக்கினான். குழந்தை "இந்த மாமா யாரு?" என்று கேட்டு அவன் கையைக் கடித்தது. அந்தக் கடியோடு கப்பலை விட்டான்; முதல் கயாக்கை வாங்கினான். இப்போது அந்தப் பெட்டி அலமாரி மேலிருந்து இறங்கி, பின்பக்கம் ஈரப்பலா மரத்தடியில் வாய் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு பேச்சுக்குத்தான். கப்பல்காரன் கூப்பிட்டு எழுதியிருக்கான். ஒருவேளை ஏதாவது தடங்கல் ஆச்சுன்னா ஒன்பது மாசம் போயிட்டு வந்துடறேன்" என்றான். மறுநாள் ஸாரியா நான்கு மீன் தலைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி, நல்ல வெயிலாகப் பார்த்து நகர்த்தி வைத்தாள்.

அடுத்த விடியலில், கழுத்தளவுத் தண்ணீரில், ஆர்லீன் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு நீச்சல் தெரியாது."

சர்ச் பாடகர் குழுவின் தலைவி யூலாலி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும்தான்."

"நீயுமா? நான் உன்ன நம்பியில்ல இத்தன வருஷம் நிக்கிறேன்" என்றான் பஸ் டிரைவர் மெர்வின்.

"உனக்குத் தெரியாதா?"

"நான் பஸ் ஓட்டறவன், மேடம்."

விசாரித்ததில் ஏழு பேரில் ஐந்து பேருக்கு நீச்சல் தெரியாது. மீதி இரண்டில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர் கிட்டன்ஸ். யாராவது முழுகினால் பக்கத்து ஆள் காப்பாற்றுவார் என்று ஒருவரை ஒருவர் நம்பி, பதினெட்டு வருஷம் நிம்மதியாக நின்றிருக்கிறார்கள்.

"கடவுளுக்கு நம்ம மேல தனிப் பிரியம்" என்றாள் யூலாலி.

அன்றைக்கே வேலை தொடங்கியது. ஆறு பேரும் வட்டத்தைக் கலைத்துவிட்டுக் கரைக்கு இணையாக வரிசையாக நின்றார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஆர்லீன் போக வேண்டும். முதல் நாள் இடைவெளி ஒரு முழம். உறையைக் கழற்றித் தலையை முக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பினால் என்று சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் பயம் பிடித்துக்கொண்டு, மெர்வினின் காதைப் பற்றியவள் விடவேயில்லை. அப்போதுதான் கிட்டன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பேங்க் மேனேஜர் இருக்காரே, அவருக்கு மாசாமாசம் மார்ட்டினிக் தீவுலேருந்து வாசனை அடிக்கிற கவர் ஒண்ணு வரும். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்."

"யார் அனுப்பினது?"

"மிச்சத்த யூலாலிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போய்க் கேளு."

யூலாலி இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்றாள். ஆர்லீன் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் மிச்சக் கதை மெர்வினிடம் போய்விட்டது என்றாள் யூலாலி. ஏழு வாரத்தில் அந்தக் கவரின் நிறம், மடிப்பு, மேனேஜர் வாங்கும்போது முகம் சிவந்தது எல்லாம் தெரிந்துவிட்டது. ஆட்களின் இடைவெளி பத்து மீட்டர் ஆனது. அனுப்பியது யார் என்பது மட்டும் வரவில்லை.

வின்ஃபீல்டு ஒருநாள் காலைச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தான். "புதன்கிழமையில தலை நனைஞ்சிருக்கு?"

"மழை."

அவன் ஜன்னலுக்கு வெளியே பளீரென்ற வானத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டிக்குள் மீனை வைத்துக் கடித்தான்.

தேர்வு நாளன்று விசில் தொங்கிய இளம் பெண் ஒருத்தி அதிகாரியாக வந்திருந்தாள். ஐம்பது மீட்டர் தள்ளி ஆரஞ்சு மிதவை. அங்கே முழுகுகிறவனாக நடிக்க வின்ஃபீல்டு. போய், அவனை இழுத்து வர வேண்டும். கரையில் ஸாரியாவும் குளியல் கூட்டமும் நின்றிருந்தார்கள். யூலாலி எதற்கும் இருக்கட்டும் என்று ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள்.

முப்பது மீட்டர் நன்றாகத்தான் போனாள். அப்புறம் பழக்க தோஷத்தில் காலைக் கீழே விட்டாள். தரை இல்லை. இன்னும் நீட்டினாள். இல்லவே இல்லை. வாய்க்குள் கடல் வந்தது.

மிதவையிலிருந்து வின்ஃபீல்டின் குரல் நிதானமாக வந்தது. "ஆர்லீன், கீழ தேடாத. இத்தன வருஷமா உன்னக் கால் ஊன்ற இடத்துலதான் படகுல ஏத்தி இறக்கினேன். இன்னிக்கு மட்டும்தான் தரை இல்ல."

அவள் இருமினாள். "தெரியுமா உனக்கு?"

"கல்யாணமான முதல் வாரமே தெரியும். படகு ஆடினப்ப நீ பதிச்ச நகக்குறி இன்னும் முழங்கையில இருக்கு."

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியா?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

படகுக்கு அந்தப் பெயர் வைத்தது சும்மா இல்லை என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. மீதி இருபது மீட்டரை எப்படிக் கடந்தாள் என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, நுரைதான் தெரிந்தது. போன வேகத்தில் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி இழுத்தாள்.

"மெதுவா, கழுத்து."

"முழுகினவன் பேசக் கூடாது."

"ஆர்லீன், கப்பல்காரனுக்கு நான் இன்னும் பதிலே போடல."

"வாய மூடு. தண்ணி போகும்."

கால் மணலைத் தொட்டபோதும் அவள் நிற்கவில்லை. கரை ஈரம் வரை இழுத்து வந்துதான் விட்டாள். அதிகாரி விசிலை ஊதி, தாளில் குறித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். முடி எட்டுத் திசையிலும் சுருண்டு நிற்க, மூச்சு வாங்கிக்கொண்டே ஆர்லீன் கிட்டன்ஸின் சட்டையைப் பிடித்தாள்.

"கவர அனுப்பினது யாரு?"

"அவரோட மாமியார். அங்க சோப்புக் கடை வெச்சிருக்கா."

இதற்காகவா பாதிக் கடலைக் குடித்தோம் என்று அவள் அவரையே பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வின்ஃபீல்டு கழுத்தைத் தேய்த்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் விடியலிலும் வரிசைதான். இந்த முறை நீந்த நின்றது யூலாலி, கதை சொல்லக் காத்திருந்த முதல் ஆள் ஆர்லீன்.

ஈரப்பலா மரத்தடியில் பழுப்புப் பெட்டி இன்னும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். வின்ஃபீல்டு ஒருநாள் அதைத் திறந்து பார்த்தான், மகளைப் பார்த்தான், திரும்ப மூடினான். அதை யாரும் கழுவவில்லை.