பெயருக்குக் கீழே வானம்

டெர்னாத்தே தீவின் வானிலை நிலையத்தில் ஹாஜரா பதினொரு வருடமாக மேகம் பார்த்துக் குறிப்பெழுதுகிறவள். ஒரு மதியம் அலுவலகத்தின் லினக்ஸ் கணினியில், மற்ற தீவுகளின் நிலையங்களோடு பேச உதவும் அரட்டைச் செயலி ஒன்றை அவளே நிறுவினாள். அதன் சாம்பல் நிறத்தைக் கடல்நீலமாக மாற்றினாள். தன் பெயருக்குக் கீழே 'இணைப்பில் உள்ளார்' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'மலை உச்சியில் ஒற்றை மேகம், நகர மனசில்லை' என்று எழுதினாள்.

சௌம்லாக்கி நிலையத்து யோசெப் உடனே செய்தி தட்டினான்: "என்னக்கா, அறிக்கையா கவிதையா? மேலிடத்துப் பெரியவரு பாத்தா தொலைஞ்சோம்."

"உங்க ஊரு வானம் எப்படிடா இருக்கு? அதச் சொல்லு."

சற்றுப் பொறுத்து அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி முளைத்தது: 'வெயில்ல கடலே கண்ண மூடிக்கிச்சு.' பிறகு பண்டா நிலையத்தின் பெயருக்குக் கீழே மழை, அம்போன் நிலையத்தின் கீழே வானவில். ஹாஜரா சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். தானே தீவு தீவாக மிதந்து போவது போலிருந்தது.