மலைப்பாதையில் நின்ற சனம்

தம்பி கடைசியாக எங்களுக்கு ரெலிபோன் எடுத்தது இத்தாலியிலிருந்து. லண்டனுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ற் அவனை அங்கே ஓர் அறையில் வைத்திருந்தான். "இன்னும் ரெண்டு கிழமையிலை வாறன் அக்கா" என்றான். இரண்டு வருடமாகியும் வரவில்லை. ஏஜென்றின் நம்பர் வேலை செய்யவில்லை, கடிதம் போட விலாசமும் இல்லை.

அப்போது நானும் கணவரும் லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஓர் அறையில் இருந்தோம். ஒரு யூலை மாலை, சாண்ட்விச் தொழிற்சாலையிலிருந்து வந்து கால் நீட்டியிருந்தபோது, பிரான்ஸில் நடக்கும் சைக்கிள் ஓட்டத்தை ரீவியில் காட்டினார்கள். விளையாட்டு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் மலைப்பாதையின் இரு பக்கமும் சனம் நெருங்கி நின்றது. புது இத்தாலிப் பெடியன் ஒருவன் முன்னுக்கு ஏறி வருகிறான், அவனைப் பார்க்க இத்தாலியிலிருந்து சனம் எல்லை தாண்டி வந்திருக்கிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தம்பி, நாலு பேர் கூடிய இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்கிறவன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு யூலையும் பார்த்தேன். ஹெலிகொப்டரிலிருந்து காட்டும்போது சூரியகாந்தி வயல்களும் ஆறுகளும் மெல்ல விலகிப் போகும். வேலைக் களைப்பில் பாதிக் கண் மூடியிருக்கும். மலைமேல் பனிப்புகார் மூடும். அதற்குள்ளிருந்து முகங்கள் வரும், சிரிக்கும், கை அசைக்கும், கரைந்து போகும். சில வேளை அந்தப் பாதையில் நானும் நிற்பது போலவும், குளிர்காற்று முகத்தில் படுவது போலவும் இருக்கும்.

எனக்குப் பின்னேர ஷிப்ட் என்றால் இவர் வீடியோவில் பதிந்து வைப்பார். நான் வந்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். நிறுத்தினால் படம் நடுங்கும்.

"இஞ்சாருங்கோ, இந்த நீலச் சேட்டுக்காரனைப் பாருங்கோ."

"உம்மட தம்பிக்கு எப்ப தாடி வளந்தது?"

"ரெண்டு வருசத்திலை தாடி வளராதோ?"

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

இத்தாலிக்காரனையும் பார்க்கத்தானே வேண்டியிருந்தது. முதல் வருடம் அந்த ஒரு நாள் தவிர, குழுத்தலைவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் சுமந்தான். அடுத்த வருடம் ஒரு மலையை வென்றான். அதற்கடுத்த வருடம் இறக்கத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்தான். பிறகு இரண்டு வருடம் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தான். எனக்கு அவன்மேல் பொல்லாத கோபம். அவன் முன்னுக்கு வந்தால்தான் கமரா அவனோடு நிற்கும், அவனுக்காக வந்த இத்தாலிச் சனத்தையும் காட்டும்.

வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயில் வந்த பிறகு, பெரிய மலை ஏறும் நாளுக்கு முதல் நாள் அங்கே போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இத்தாலிக்காரனின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் கொடுத்தேன். இத்தாலிக்காரன் வெல்ல வேண்டும் என்று கும்பிட்டேன். அம்மனுக்கே தலை சுற்றியிருக்கும்.

அடுத்த நாள் அவன் தனியாக ஏறினான். வயது முகத்தில் தெரிந்தது. களைத்தால் இடது தோளைச் சரிப்பான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனை ஐந்தாறு வருடமாகப் பார்க்கிறேன். பின்னால் வந்தவன் நெருங்கியபோது கதிரை நுனிக்கு நகர்ந்தேன். கடைசி வளைவில் எழுந்தே நின்றுவிட்டேன். அவன் முடிவுக் கோட்டைத் தாண்டி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். நான் கை தட்டினேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்து கன காலம்.

இவர் தேத்தண்ணியோடு வந்து, ஒவ்வொரு நாளும் கேட்பதையே கேட்டார்.

"தம்பியின்ரை சாயலிலை ஆரும் நிண்டவையோ?"

வாயைத் திறந்த பிறகுதான் விளங்கியது. அத்தனை சனத்தில் ஒரு முகமும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"நான் பாக்கேல்லை" என்றேன்.

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். "இண்டைக்கும் பதிஞ்சுதானே கிடக்கு. திருப்பிப் போடட்டோ?"

"வேண்டாம்" என்றேன். தம்பி போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதேன்.