எட்டுக் கம்பி

கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. நாமக்கல்லில் கோழி மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. சுற்றுவட்டாரப் போட்டோக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் படங்களை நானும் என்னைவிட இளையவள் ஒருத்தியும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அடுக்குவோம். தொழிலில் இருவரும் சரிபாதி.

படங்களெல்லாம் கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பழைய பெரிய கம்ப்யூட்டரில் கிடக்கும். அந்த இடுக்கில் அதை வைக்கத்தான் இடம், ஆள் உட்கார முடியாது. அங்கிருந்து மாடிக்கு ஒரே ஒயர். சுவரில் இன்னொரு ஓட்டை போடக் கட்டடக்காரம்மா விடவில்லை. ஒயர் இழுக்க வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த எட்டுக் கம்பியில் நான்கை எனக்கும் நான்கை அவளுக்கும் பிரித்து மாட்டினார்.

"ரெண்டு பேருக்கும் ஓடுமுங்க. எட்டும் ஒண்ணா இருந்தாப் பத்து மடங்கு வேகமாப் போகும். மேல லைனப் பிரிச்சுக் குடுக்கற சின்னப் பெட்டி ஒண்ணு வாங்கி வெச்சீங்கன்னா ரெண்டு பேருக்குமே அந்த வேகம் கெடைக்குமுங்க" என்றார்.

அந்தப் பெட்டியை நாங்கள் வாங்கவே இல்லை. கேட்டால் கஞ்சத்தனம் என்போம். உண்மை வேறு. ஒரு ஆல்பத்தைக் கீழிருந்து இழுத்தால் திரையில் பச்சைக் கோடு ஆமையாக நகரும். அந்த நேரத்தில்தான் டீ குடிப்போம். அவள் தன் மாமியார் புராணத்தை எடுப்பாள், நான் என் தம்பி பெண்டாட்டியைத் திட்டித் தீர்ப்பேன். வேகமாக ஓடியிருந்தால் அத்தனை பேச்சுக்கு எங்கே போவது?

அவள் வீட்டுக்காரருக்கு ராய்ப்பூர் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி. வருடத்தில் பாதி அங்கேதான் கிடப்பார். இந்த வருடம் குடும்பத்தையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, ஒரு போட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியக்கூடாத ரகசியமா? அன்றிலிருந்து வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

கடைசி நாள் தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ள வந்தாள்.

"அங்கயும் ஒரு ரூமப் புடிச்சு ஆல்பம் போடலாமுன்னு இருக்கறனுங்க்கா. செஞ்ச வேலயக் காட்டாம எவன் குடுப்பான்?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கோடு நகர ஆரம்பித்தது. முடிய நாளை மதியம் ஆகும் என்று காட்டியது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதற்குள் என் கோபம் ஆறிவிடும், போகாதே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். சாயங்காலமே கார் வருகிறதாம், ஏறின வரைக்கும் போதுமாம்.

அவள் மௌஸைப் பிடித்து, கொண்டு போக முடியாததையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தாள். முதலில் விலக்கியது நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம். மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பொறுக்கவில்லை. எலி கடிக்கிற ஒயரைச் சரிசெய்யவென்று வாங்கி வைத்திருந்த, கம்பியை வெட்டிப் பிளக்கில் பொருத்தும் கிரிம்பிங் டூலை எடுத்தேன்.

"ஏனுங்க்கா?"

"சும்மா உக்காரு சாமி."

மேலே இரண்டு பிளக்கையும் வெட்டினேன். கீழே போய் இடுக்கில் கையை விட்டு அங்கேயும் வெட்டினேன். எட்டுக் கம்பியையும் ஒரே பிளக்கில் சேர்த்து அவள் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கோடு பாய்ந்தது. விலக்கியதையெல்லாம் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அப்படியும் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்று காட்டியது.

"இத ஏனுங்க்கா இத்தன வருசமா நாம செய்யல?"

"செஞ்சிருந்தா உங்க மாமியாளப் பத்தி நீ எப்பப் பேசியிருப்ப?"

சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அழுதேன். போகாதே என்று மட்டும் கேட்கவில்லை. இவ்வளவையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு எந்த வாயால் கேட்பது? கார் வந்தது, கம்ப்யூட்டரையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் அந்த ஒயரை என் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டேன். இழுத்த மாத்திரத்தில் படம் வந்து நின்றது. மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்து, வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மத்தியானங்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டாள். ஆல்பம் வேலை கிடைத்ததா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர ரிக் ஆபீசுக்கு எடுத்துக்கிட்டாருங்க்கா, டீசல் கணக்குப் போட. எடம் பத்தலைன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டாரு."

வாய் வரை வந்த வசவை விழுங்கினேன்.

"இங்க எல்லாம் அப்படியே இருக்குது சாமி. எப்ப வந்தாலும் ஏத்திக்கலாம்."

"அவரு வந்துட்டாருங்க்கா, வெச்சர்றேன்."

போனை வைத்துவிட்டு டூலை எடுத்தேன். மேலேயும் கீழேயும் மறுபடி வெட்டினேன். நான்கு கம்பி எனக்கு, நான்கு அவளுக்கு. என் வேலை திரும்ப ஆமையாக நகர்கிறது. அவள் பிளக் பக்கத்து மேசையிலிருந்து தொங்குகிறது.