ஞாயிறு கேப்டனின் ஒரே நிபந்தனை

விமானம் ஓட்டுகிறவர்களை ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் பார்க்க மாட்டேன். எந்த விமானத்துக்கு எந்த பைலட் என்று முடிவாகும் அறையில் எனக்கு வேலை. ஜன்னல் கிடையாது. ஓயாமல் அடிக்கும் தொலைபேசிகளும், காசைப் போட்டால் பாதிக் கோப்பை மட்டும் நிரப்பும் காப்பி இயந்திரமும் உண்டு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு கம்பீரமான கேப்டனும் லீவு கேட்டு வந்து நிற்கும் பிள்ளைதான். கேட்டது கிடைத்தால் நான் ‘மேடம்’. கிடைக்காவிட்டால் ‘அந்தம்மா’.

இதில் என் கை ஒன்றும் இல்லை என்றால் ஒருவரும் நம்புவதில்லை. மாதம் பிறக்கும் முன்னால் ஒவ்வொரு பைலட்டும் தன் விருப்பத்தைக் கணினியில் போட வேண்டும். இந்த ஊர் வேண்டும், அந்த விடியற்காலை விமானம் வேண்டாம், இன்ன நாள் லீவு வேண்டும் என்று. அதற்கு ‘பிட்’ என்று பெயர். கம்பெனியில் முதலில் சேர்ந்தவரின் ஆசையைக் கணினி முதலில் நிறைவேற்றும். அப்புறம் அடுத்தவர். கடைசியாகச் சேர்ந்தவனுக்கு மிச்சம் மீதி. திறமை, வாய்ச்சாலம், என்னிடம் குழைவது எதுவும் செல்லாது. சேர்ந்த தேதிதான் தலையெழுத்து. வேறு கம்பெனிக்குத் தாவினால், தலை நரைத்த கேப்டனும் அங்கே வரிசையின் வாலில்தான் போய் நிற்க வேண்டும்.

எங்கள் ஞாயிறு கேப்டன் இங்கே வரிசையின் தலைமாட்டில் இருந்தார். அந்த உயரத்தில் இருப்பவர்கள் கடற்கரை ஹோட்டலில் தங்கும் பயணங்களாகப் பார்த்து அள்ளிக்கொள்வார்கள். இவர் மாதாமாதம் போடுவது ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை எல்லாம் லீவு. அது கிடைத்தால் போதும், மற்ற நாட்களில் யாரும் தொடாத அதிகாலை விமானங்களைக்கூட வாயைத் திறக்காமல் ஓட்டுவார். பட்டப்பெயர் வைத்தது நான்தான். அவருக்கும் தெரியும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவரும் மனைவியும் பிரிந்தபோது மகள் அம்மாவோடு போனாள். ஞாயிறு மட்டும் அப்பாவிடம். அவள் தத்தித் தத்தி நடந்த காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு, இப்போது அவள் அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். காலையில் இவர் முட்டை பொரித்துக் கருக்குவார். அவள் கருகியதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவாள். பிறகு இருவரும் ஒரு வாரத்து அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சலவை நிலையத்துக்குப் போய், அங்குள்ள இயந்திரத்தில் துணி சுற்றி முடியும்வரை சீட்டாடுவார்கள்.

“இதுக்காகவா கடற்கரையை விடுறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நீங்க அவளோட சீட்டாடினதில்ல மேடம். என்னமா ஏமாத்துறா தெரியுமா!” என்றார். மகள் முதல் பரிசு வாங்கினால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருப்பாரா தெரியாது.

இப்படிப்பட்டவரைத்தான் அந்தப் பெரிய கம்பெனி கூப்பிட்டது. எங்களுடையவை குட்டி விமானங்கள். உள்ளே நுழையும்போது இவர் தலையை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. அவர்களிடம் சமுத்திரம் தாண்டும் பெரிய விமானங்கள் இருந்தன. அவற்றை ஓட்டத்தான் இவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். கூடவே, “எங்ககிட்ட ரொம்ப சுதந்திரம் சார். பிடிக்காத பயணத்தை ஃபோன்லயே வேற பைலட்டுக்கு மாத்தி விட்டுரலாம்” என்று வேறு ஆசை காட்டினார்கள். ஒரு வாரம் மனிதர் தரையில் நடக்கவில்லை. வானத்திலேயே இருக்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

போகலாமா வேண்டாமா என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டார். கடைசியில், முன்பே அங்கே தாவியிருந்த பழைய தோழர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை மகளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். தாடிக்காரர் என்றால் எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் சீருடைக் கால்சட்டையும் வீட்டுப் பனியனுமாக உட்கார்ந்திருந்தாராம். வேறு பைலட் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவருக்குப் பதிலாக உடனே கிளம்புவதற்காக. குளியலறைக்குப் போனாலும் ஃபோன் கூடவே போயிற்றாம்.

“மாத்திக்கலாம்னு சொன்னாங்களேப்பா?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“தாராளமா மாத்திக்கலாம். என்னோட ஞாயித்துக்கிழமை டியூட்டியை வாங்கிக்க ஒரு இளிச்சவாயன் வேணும்ல? இருக்கிற ஒரே இளிச்சவாயன் நான்தான்டா.”

மறுநாளே இவர் பெரிய கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, “ஞாயித்துக்கிழமையைக் காப்பாத்திட்டேன் மேடம்” என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். காலை விமானத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவர், போட்ட பிறகும் என் மேசையோரம் நின்றார்.

“மேடம், புதன்கிழமை லீவு கேட்டா கிடைக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புதன்கிழமையா? அதை யாரு சீண்டுறா? நேத்து சேர்ந்தவன் கேட்டாக்கூட கம்ப்யூட்டர் அள்ளிக் குடுக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. மகள் பள்ளி நீச்சல் அணியில் சேர்ந்துவிட்டாளாம். பயிற்சி ஞாயிறுதோறும். முந்தின நாள் சலவை நிலையத்தில் காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே, “அப்பா, இனிமே ஞாயிறு எனக்கு முடியாது. புதன்கிழமை ஸ்கூல் விட்டு நேரா வந்துடறேன், சரியா?” என்று சொல்லியிருக்கிறாள். இவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

“பெரிய கம்பெனி கூப்பிட்டது அவளுக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

“வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கல.”

எனக்குக் கோபம் வந்தது. தாடிக்காரரைக் கேட்டார், என்னைக் கேட்டார், காப்பி இயந்திரத்துக்கு வாய் இருந்தால் அதையும் கேட்டிருப்பார். யாருடைய ஞாயிறோ அவளை மட்டும் கேட்கவில்லை. வரிசையின் தலைமாட்டில் இருப்பவர்களுக்கு வரும் வியாதி இது. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிவிட்டால், இன்னொருவரும் தனக்கென்று ஒரு நாள் கேட்கத் தொடங்கியிருப்பார் என்று தோன்றாது. அந்த வீட்டில் மகள் எப்போதோ அப்பாவைவிட சீனியர் ஆகிவிட்டாள்.

“அங்க போயிருந்தாலும் புதன்கிழமை கிடைச்சிருக்கும், இல்ல?” அவரே மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். “கிடைச்சிருக்கும்” என்றேன்.

என் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினேன். அங்கேயே நின்று பெரிய கம்பெனிக்குப் பேசினார். இந்த முறைக்கு ஆள் எடுத்தாயிற்று, அடுத்த வருடம் மறுபடி எடுப்போம், அப்போது வேண்டுமானால் வாருங்கள் என்றார்கள். அதற்குள் வரிசையின் வால் இன்னும் நீண்டிருக்கும்.

“அடுத்த வருஷம் கூப்பிட்டா போவீங்களா?” என்று கேட்டேன்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

“புதன்கிழமை வருவாள்ல மேடம், அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”