ஞாயிற்றுக்கிழமை தெரிந்த ஒயர்

சுவரைப் பார்த்துக்கொண்டேதான் மாரீஸ்வரி வீட்டுக்குள் வருவார். "வாங்க, உக்காருங்க" என்பவர்களுக்கு ஒரு தலையாட்டல். அதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் ஒயரின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். கேமராவில் தொடங்கி, நிலைப்படியைச் சுற்றி, காலண்டருக்குப் பின்னால் நுழைந்து, பீரோவுக்கு மேலே வளைந்து, ரெக்கார்டர் பெட்டி வரைக்கும் அந்த விரல் ஒயரோடு கூடவே நடக்கும். விரல் எட்டாத இடத்தில் கண் நடக்கும். வீட்டுக்காரர் நடுவில் புகுந்து பழுதை விவரிக்க ஆரம்பித்தால், "செத்த இருங்கண்ணே, மொதல்ல ஒயரு சொல்லட்டும்" என்பார்.

முப்பத்தெட்டு வயது. ஊர் வடுகபட்டி. பூண்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, குழம்பில் கிடக்கும் பூண்டைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிற பெண். சுடிதாருக்கு மேல் கணவர் ராஜபாண்டியின் பழைய முழுக்கைச் சட்டை, மொபெட்டின் பக்கவாட்டில் கட்டிய மடக்கு ஏணி, தோளில் ஒரு காக்கிப் பை. அந்தக் கோலத்தோடு ஒருநாள் போடி, ஒருநாள் கம்பம், ஒருநாள் வருசநாடு என்று போய்க்கொண்டே இருக்கிறார். பைக்குள் மீட்டர், ஒயர் நுனியில் பின் மாட்டும் இடுக்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சோதனைத் திரை எல்லாம் இருக்கும். அவற்றோடு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வேப்பெண்ணெய் பாட்டிலும் இருக்கும். கேமராவின் வெதுவெதுப்புக்கு ஆசைப்பட்டுச் சிலந்திகள் அதன் முகத்திலேயே குடித்தனம் போட்டுவிடுகின்றன. பிரஷ்ஷால் வீட்டைக் காலி செய்து, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினால் இரண்டு மாதத்துக்கு அவை அந்தப் பக்கம் வருவதில்லை.

இந்தத் தொழிலை அவர் காதால் படித்தவர். தேனியில் ஒரு கேமரா கடையில் ஆறு வருடம் போன் எடுக்கிற வேலை பார்த்தார். "படம் வரலம்மா" என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேமராவைக் கையால் தொட்டதில்லை. ஆனால் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா, பக்கத்தில் யாராவது வெல்டிங் வைக்கிறார்களா, சமீபத்தில் வெள்ளையடித்தீர்களா என்று கேட்டுக் கேட்டே பாதிப் பழுதைப் போனிலேயே தீர்த்துவிடுவார். மீதிப் பாதிக்கு மெக்கானிக் போய்ப் பார்த்தால், அவர் சொன்னதுதான் இருக்கும். கடை முதலாளி கோயம்புத்தூருக்குக் குடிபோனபோது ஏணியை மாரீஸ்வரியிடமே விட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் சிக்கலான பழுது என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் கேள்வி கேட்பார். பழக்கம் தெரியாதவர்கள், பாவம் அசந்துவிட்டார் என்று நினைத்துக் காபி போடப் போய்விடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவருடைய போன் ஓயாது. பட்டறை, மில், கடை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் கேமராவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள், அதுவும் கண்ணாடிக்கு நட்டநடுவில். திரை செக்கச்செவேல் என்று இருக்கிறது, ஏதோ வெடித்துவிட்டது போல என்று பதறுவார்கள். "பொட்ட நெத்தியில வைங்கண்ணே. கண்ணுல அப்புனா அது எப்பிடிப் பாக்கும்?" என்று சொல்லித் துடைத்துவிடுவார். இந்த வேலைக்கு அவர் வாங்குவது சுண்டலும் பொரியும் மட்டும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வேலுச்சாமி, தன் புது கேமராவுக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். ஆடிக் காற்றில் அது ஆட, ஆட, "ஆள் நடமாட்டம்" என்று அவருடைய போன் காலையிலிருந்து அலறிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் திருட்டுக் கும்பல் இறங்கிவிட்டது என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கம்போடு ஓடியிருக்கிறார். மாரீஸ்வரி போய் எலுமிச்சம்பழத்தை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டு வந்தார்.

அந்த வேலுச்சாமி வீட்டில்தான், கேமரா மாட்டிய அன்றைக்கு, படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வாசலில் யாராவது ஒருமுறை நடக்க வேண்டும் என்று மாரீஸ்வரி கேட்டார். வேலுச்சாமியின் மனைவி முருகம்மாள், இதோ வருகிறேன் என்று உள்ளே போனவர், பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கால்மணி நேரம் கழித்து வந்து நடந்தார். திரையில் தன்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. நான் இவ்வளவு குண்டாகவா இருக்கிறேன் என்று கேட்டார். "வாசல் கேமரான்னா கொஞ்சம் அகலமாத்தான்க்கா காட்டும்" என்றார் மாரீஸ்வரி. அது பாதி உண்மை. தொழிலில் பொய்யை அவர் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்.

அப்படிப்பட்டவரைத்தான் போடி கடைவீதியில் ஒரு கேமரா மூன்று வாரம் அலைய வைத்தது.

ஏலக்காய் வியாபாரி ஸ்டான்லி அண்ணாச்சியின் கடை அது. வாசலுக்கு இரண்டு கேமரா. மூன்றாவது அண்ணாச்சியின் மேசையைப் பார்த்தபடி இருக்கும். மூன்றையும் வீட்டிலிருந்தபடி போனில் பார்க்கிறவர் அவருடைய மனைவி ஏஞ்சல் டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டீச்சர் என்கிறது, அண்ணாச்சி உட்பட. அண்ணாச்சிக்குச் சர்க்கரை. போன வருடம் வலது காலில் செருப்பு கடித்த புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர் ஒருமுறை சொல்லிவிட, டீச்சர் அந்த மூன்று மாதமும் சரியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு மாட்டியதுதான் மூன்றாம் நம்பர் கேமரா. திருடனுக்காக என்று அவர் சொல்வதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கேமராவில் தினமும் பதினொரு மணிக்குப் படம் போய்விடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்துவிடுகிறது. மாரீஸ்வரி முதல் தடவை பின்னை மாற்றினார். இரண்டாம் தடவை அடாப்டரை மாற்றினார். மூன்றாம் தடவை மேசையிலிருந்து பெட்டி வரைக்கும் புது ஒயரே இழுத்துவிட்டார். அவர் இருக்கும்போதெல்லாம் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். தேனி போய்ச் சேர்வதற்குள் டீச்சரிடமிருந்து போன் வந்துவிடும்.

டீச்சர் கோபப்படுகிறவர் இல்லை, கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசுகிறவர். அவர் நிர்வாகக் குழுவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு முப்பத்திரண்டு கேமரா போட வேண்டியிருந்தது. மாரீஸ்வரிக்கே கொடுக்கலாம் என்று குழுவில் சொன்னவரும் அவர்தான். "ஏத்தா மாரி, ஒத்தக் கேமராவச் சரிபண்ண முடியலையேன்னு கேட்டா நான் அவுககிட்ட என்ன சொல்றது? சனிக்கிழமைக்குள்ள பாரு. இல்லாட்டி மதுரைக் கம்பெனிக்காரவுக வாராக" என்றார். எட்டு கேமராவுக்கு மேல் மாரீஸ்வரி இதுவரை ஒரே இடத்தில் போட்டதில்லை. முப்பத்திரண்டு என்றால் அது தொழிலில் வேறு படிக்கட்டு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டிலிருந்தபடி, ரெக்கார்டரில் பதிந்திருந்த நேரங்களைப் போனில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். பதினொன்று நாலு. பதினொன்று இரண்டு. பதினொன்று ஏழு. மூன்று வாரத்தில், கடைக்கு விடுமுறையான எந்த ஞாயிற்றுக்கிழமையும் படம் போகவில்லை. அண்ணாச்சி குமுளிக்கு ஏலத்துக்குப் போயிருந்த இரண்டு செவ்வாயும் போகவில்லை. கண்ணைத் திறந்தவர் கணவரிடம் கேட்டார்:

"ஒயருக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமா?"

அப்புறம் வாசல் கேமராவின் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தார். தினமும் பதினொரு மணிக்குச் சற்று முன்னால் டீக்கடைச் சுருளியாண்டி வருகிறார். ஒரு கையில் தூக்குவாளி, மறுகையில் துண்டு. திரும்பிப் போகும்போது துண்டு தோளில் கிடக்கிறது. உள்ளே போகும்போது மட்டும் ஏன் அது கையைச் சுற்றியிருக்கிறது? போடியில் பலகாரம் தெரிந்த யாரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். துண்டுக்குள் இருப்பது நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி; சுருளியாண்டி கடைப் பழம்பொரி அப்படி.

பழுது பிடிபட்டது, நிம்மதி பிடிபடவில்லை. டீச்சரிடம் சொன்னால் அண்ணாச்சி மாதிரி ஒரு நல்ல மனிதரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பள்ளிக்கூட வேலை போகும், கூடவே பேரும் போகும். அடாப்டர் கோளாறு என்று சொல்லிவிட்டு அண்ணாச்சியிடம் கண்ணைக் காட்டிவிடு, எல்லோருக்கும் நல்லது என்றார் ராஜபாண்டி. "நல்லா இருக்குற ஒயரு மேல பழியப் போடச் சொல்றீகளே" என்று மாரீஸ்வரி சடைத்துக்கொண்டார். ஆனாலும் தட்டில் இருந்த பூண்டைக்கூடக் கவனிக்காமல் தின்றுவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர் கடையில் இருந்தார். வரப்போவதை டீச்சருக்கு மட்டும் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்ததும், வாசல் கேமராவில் ஏதோ தூசி தெரிகிறது, போய்ப் பார் என்றார். மாரீஸ்வரி அசையவில்லை. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாயேன் என்றார். குடித்தாயிற்று என்றார். சுருளியாண்டி வந்து, துண்டை மேசையில் வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார். ஏலக்காய் வாசனையை மீறிக்கொண்டு நேந்திரம்பழமும் எண்ணெயும் மணத்தன. அண்ணாச்சி ஒரு நிமிடம் பொறுத்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். அப்புறம் ஆசை ஜெயித்துவிட்டது. முகத்தைக் கூரையைப் பார்த்து வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் வலது காலை நீட்டி, பெருவிரலாலும் அடுத்த விரலாலும் இடுக்கி அடாப்டரின் பின்னைப் பதமாக உருவினார். பெட்டியின் திரையில் மூன்றாம் கட்டம் கறுத்தது.

"ஒயர்ல பழுதில்ல அண்ணாச்சி. ஒங்க கால் பெருவெரல்லதான் இருக்கு."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஆத்தா, காலையில கேப்பக் கூழு, ராத்திரி கேப்ப ரொட்டி. நடுவுல பாவக்காய். ஒரு மனுசன் ஒருநாளைக்கு ஒன்னு திங்கக் கூடாதா?" என்றார். சத்தியமாக ஒன்றுதான், இரண்டாவது கேட்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மாரீஸ்வரிக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. டீச்சர். ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார்.

"படம் போயிருச்சு. நீ அங்கனதான இருக்க?"

"இங்கனதான் இருக்கேன் டீச்சர். கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னா பழுது?"

மாரீஸ்வரி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கும்பிடாத குறை. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அடாப்டர் என்ற ஒரே சொல்தான். மாரீஸ்வரி அதை விழுங்கினார். போனை மேசை மேல் அண்ணாச்சியின் பக்கமாகத் தள்ளினார்.

"அதை அண்ணாச்சியே சொல்வாக டீச்சர்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி, ஒன்று விடாமல் சொன்னார். பழம்பொரி, துண்டு, கால் விரல். இனிமேல் முப்பத்திரண்டு கேமராவும் இல்லை, போடி பக்கம் வேலையும் இல்லை என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டார். அப்போது டீச்சர் கேட்டார்:

"எந்தக் காலு?"

"வலது."

"புண்ணு வந்த காலா? அந்தக் காலப் போயா கரெண்டு ஒயர்ல வெச்சீக?" டீச்சரின் குரல் உடைந்துவிட்டது. அண்ணாச்சி அன்றைக்கு முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

பன்னிரண்டு வோல்ட்தான், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று மாரீஸ்வரி குறுக்கே புகுந்து சொன்னார். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பிறகு நிதானம் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாதிப் பழம்பொரி, அதுவும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் கண் முன்னால் என்று தீர்ப்பாயிற்று. தட்டைப் பார்ப்பதற்காக இல்லை, மனிதர் சந்தோஷமாகத் தின்கிறதைப் பார்க்கத்தான் என்று தானாகவே விளக்கமும் சொன்னார். அப்புறம், "மாரி" என்றார். "நீ சொல்லியிருந்தா எனக்கு அவுக மேலதான் கோவம் வந்திருக்கும். அவுகளையே சொல்ல வெச்ச பாரு. திங்கக்கெழமை ஏணியத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துரு. மதுரைக்காரவுககிட்ட நான் பேசிக்கிறேன்."

மாரீஸ்வரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். சரிங்க டீச்சர் என்று இரண்டு தடவை சொன்னார்.

பின்னை மாட்டியதும் படம் வந்தது. அண்ணாச்சி கேமராவுக்கு நேராக உட்கார்ந்து, பழம்பொரியைச் சமமாகப் பிட்டு, ஒரு பாதியைக் கண்ணை மூடி மென்று தின்றார். மறுபாதி காகிதத்தில் எண்ணெய் மினுங்கக் கிடந்தது. அவருடைய கை மேசையின் மேல் மெல்ல அதை நோக்கி நகர்ந்தது. மாரீஸ்வரி அதை எடுத்து முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டு, விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிச் சுவரில் எந்தக் காலும் எட்டாத உயரத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்.