யோலான் புடாபெஸ்ட் பார்த்த நாள்

யோலான் புடாபெஸ்டிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆற்றங்கரையில் இருந்த பெரிய ஓட்டல் ஒன்றின் நிலவறையில் பாதி ஆயுள் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். மேலே தங்கியவர்கள் ஜன்னலைத் திறந்தால் டான்யூப் ஆறு. அவளுக்கு வாய்த்தது நீராவி. ஓய்வு பெற்ற பிறகும் கடை, மருந்தகம், அடுப்படி என்று தன் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றியே கிடந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நல்ல கோட்டை எடுத்து மாட்டினாள். ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயம் அடுக்கி, காகிதத்தில் சுற்றிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" கணவர் கேசா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊர் சுத்திப் பாக்க."

"எந்த ஊரை?"

"இந்த ஊரைத்தான்."

கேசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கழுத்துல கேமராவை மாட்டிக்க மறந்துட்டியே! அந்த முட்டிய வச்சுக்கிட்டு நீ மலை மேல இருக்கற அரண்மனைக்கு ஏறின மாதிரிதான்."

"நல்லா சிரி. மத்தியானம் நீயே சுட வச்சுச் சாப்பிடு."

அவர் சிரித்திருக்காவிட்டால் ஒருவேளை பாதி வழியிலேயே திரும்பியிருப்பாள்.

அவள் வயதுக்காரர்களுக்கு பஸ்ஸிலும் டிராமிலும் காசில்லை. ஆற்றின் மேலிருந்த சங்கிலிப் பாலத்தை நடந்தே கடந்தாள். அரண்மனை மலைக்கு ஏறும் இழுவை வண்டியின் கட்டணத்தைப் பார்த்தவள், "இதுக்கு ஒரு முழுக் கோழி வாங்கலாமே" என்று முணுமுணுத்தபடி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். படிக்குப் படி முட்டி வலித்தது. நின்றாள், கேசாவை மனதுக்குள் திட்டினாள், மறுபடி ஏறினாள்.

மேலே போனதும் ஆறு, பாலங்கள், எதிர்க்கரையில் நாடாளுமன்றம் எல்லாம் ஒரே பார்வையில் விரிந்தன. அவளுடைய ஓட்டலும் தெரிந்தது, தீப்பெட்டி அளவுக்கு. திடீரென்று நல்ல பசி. தாழ்வான கல்சுவரில் மெத்தை போட்டிருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

பக்கத்துக் காப்பிக் கடையின் பணியாள் ஓடி வந்தான். "நேனி, ஏதாவது ஆர்டர் பண்ணுங்க. இல்லேன்னா எழுந்திருங்க."

வயதான பெண்களை நேனி என்பது அங்கே மரியாதை. அவன் மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி.

"சுவரு உங்களோடதா?"

"மெத்தை எங்களோடது."

யோலான் எழுந்தாள். மெத்தையை எடுத்துத் தட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, வெறும் கல்லில் உட்கார்ந்தாள். "வந்துருச்சுல்ல உன் மெத்தை? போ தம்பி."

"வெங்காய நாத்தம் தாங்கல! போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்க வர்ற வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

நிஜமாகவே கூப்பிட்டான். வந்த பெண் போலீஸ் சுவரைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். "உங்க மேசைங்க அங்கயே முடிஞ்சிருது. சுவரு பொது" என்று அவனிடம் சொன்னாள். யோலானிடம், "நிதானமா சாப்பிடுங்க நேனி" என்றாள்.

ரொட்டி தீர்ந்தது. குளிர் ஏறியது. தொடை மரத்துப்போனது. ஆனாலும் யோலான் எழவில்லை. அவன் மூன்று முறை வாசலுக்கு வந்து முறைத்துவிட்டுப் போன பிறகுதான், அவன் கண்ணெதிரே, மெல்ல எழுந்து கோட்டை உதறிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆற்றங்கரை டிராமில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள்.

"எங்க போகணும் நேனி?" என்றார் ஓட்டுநர்.

"இது திரும்பப் போகுமில்ல?"

"போகும்."

"அப்போ போகட்டும். வரும்போது கூட்டம் ஆத்தை மறைச்சிருச்சு."

சொல்லிவிட்டு ஜன்னலோர இருக்கைக்கு மாறினாள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் கிளம்பினாள், யாரையும் கேட்காமல்.