ராகிக் குழிக்குள் இறங்கிய விளக்கு

வெண்ணந்தூருக்கு மேற்கே தோட்டத்து வீட்டில் இருந்த ஆத்தாயியைப் பெரிய பக்தை என்று யாரும் சொன்னதில்லை. கோயிலுக்குப் போனாலும் அவசரமாகத் திரும்பிவிடுவாள். அவளுடைய பக்தியெல்லாம் வாசலோரத்து ராகிக் குழியின் மேல்தான்.

நல்ல விளைச்சல் கண்ட எழுபத்தெட்டாம் வருடம், ஆள் உயரத்தைவிட ஆழமான அந்தக் குழியில் வைக்கோல் பரப்பி ராகியைக் கொட்டினார்கள். வாயைப் பலகைக் கல்லால் மூடி, சேறும் சாணியும் குழைத்துப் பூசினார்கள். ஆத்தாயி கல்லுக்குக் குங்குமம் வைத்தாள். "கெணறு வத்துனாத்தான் இதைத் தொறக்கோணும். மாரியாத்தா மேல ஆணை."

அவள் கணவன் அர்த்தநாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடமே, ராகியை விற்றுக் கிணற்றுக்கு மோட்டார் வைக்கலாமா என்று கேட்டான்.

"அது நம்முளுது இல்லீங்க. சாமிகிட்டக் குடுத்து வெச்சது" என்றாள்.

அவள் மறுத்த கோபம் அவனுக்கு ஆறவே இல்லை. "உள்ள எல்லாம் மக்கிப் போயிருக்கும், நீ மண்ணுக்குப் பூசை பண்ணு" என்று குத்திக்காட்டுவான். அவள் வெள்ளிக்கிழமைதோறும் கல்லின் மேல் சூடம் கொளுத்துவாள்.

எண்பத்து மூன்றில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. எருதுகளை விற்றாயிற்று. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்த அர்த்தநாரியின் தம்பி சென்னிமலை, அவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக வந்துவிட்டான்.

"குழியத் தொறந்து பாப்பம். ராகி இருந்தா இங்கயே இருக்கலாம். இல்லீன்னா உங்கூட வந்தர்றோம்" என்றான் அர்த்தநாரி.

கல்லைப் புரட்டியதும் வெதுவெதுப்பாகப் புளித்த வாடை எழுந்தது. ஆத்தாயி அகல் விளக்கை ஏற்றி, சட்டியில் வைத்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். பாதி ஆழத்தில் சுடர் அணைந்தது.

"சாமி இன்னும் உத்தரவு குடுக்கலை" என்றாள்.

"சாமிக்கென்ன பசியா எடுக்குது? காத்துல அணஞ்சிருக்கும் நங்கையா" என்று சிரித்தான் சென்னிமலை. அண்ணியை அவன் அப்படித்தான் அழைப்பான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். "லாரி மேல ஏறி வேலை செய்யறவன் நானு. இந்தக் குழி எனக்கு ஒரு ஆழமா?"

"ஏறறவங்களுக்கு எறங்கத் தெரியோணும்னு இல்ல சாமி" என்று குழியின் வாயை மறித்து உட்கார்ந்தாள் ஆத்தாயி. "எறங்கறதுன்னா என்னையத் தள்ளிப்போட்டு எறங்கு."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கிணற்றைப் பார்த்தான்.

அவள் வேப்பிலைக் கொத்தைப் பெரிதாகக் கட்டி, உள்ளே இறக்கி மேலே இழுத்தாள். மாரியாத்தாவுக்கு விசிறுவதாகச் சொல்லிக்கொண்டு, தோள் ஓயும்வரை அதையே செய்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது மறுபடி விளக்கு இறங்கியது. இந்தமுறை அடிவரை போயும் சுடர் அசையாமல் நின்றது.

மூடிய குழிக்குள் தானியம் மூச்சு விடும், அந்தக் காற்றில் விளக்கோடு மனிதனும் அணைவான் என்று அர்த்தநாரி பின்னாளில் கேட்டறிந்தான். அறிந்த பிறகு அவனுடைய வியப்பு கூடியது. ஐந்து வருடமாகத் தன் காலடியில் ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்று அவனே இறங்கினான். விளக்கொளியில் சுவரோரம் ராகி கறுத்துக் கட்டிதட்டிக் கிடந்தது. மனம் சோர்ந்தது. அதை உடைத்து முழங்கைவரை கையை விட்டான். உள்ளே ராகி பொலபொலவென்று விரல்களுக்கிடையில் ஓடியது. ஒரு சிட்டிகை எடுத்து மென்றான். களத்தில் நேற்று அடித்ததுபோல இருந்தது.

மேலிருந்து ஆத்தாயியின் குரல் கேட்டது. "நல்லா இருக்குதுங்களா?"

குரல் நடுங்கியது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இத்தனை வருடமாக அவளும் பயந்திருக்கிறாள். உள்ளே மக்கியதா இல்லையா என்று தெரியாமலேதான் சூடம் கொளுத்தியிருக்கிறாள். மக்காத ராகியைவிட அந்த நினைப்புத்தான் அவனை அந்தக் குழிக்குள் பேச்சற்று நிற்க வைத்தது.

"ஏனுங்க?" என்றாள் மறுபடி.

"இருக்குது ஆத்தாயி" என்றான். "மொறத்த எறக்கு."

சென்னிமலை மட்டும் நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினான். மழை பெய்து அடுத்த ராகி வந்தபோது, குழிக்கு முதல் கூடையைத் தூக்கியவன் அர்த்தநாரி. மோட்டாரைப் பற்றி அவன் பேசவில்லை.